காப்பு நகலும் மீட்பும்

விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்பொழுது கிராணியாரின் செக்ரோலில் ஒரு கோடு விழுகிறது. அந்தக் கோடே அன்றைய உழைப்பிற்குச் சான்று. மாத இறுதியில் அக்கோடுகளைக் கூட்டித்தான் சம்பளம் போடுகிறார்கள். ஒரு கோடு விடுபட்டால் ஒரு நாட்கூலி போயிற்று. புத்தகமே தொலைந்துபோனால் என்ன ஆகும்? இக்கேள்வியை ஒவ்வொரு தோட்டக் குடும்பமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது நலம்.

கேள்வி வெறுங்கேள்வியன்று. தோட்டம் மூடப்பட்டு ஆட்குறைப்புச் செய்யப்படுகையில், 1980ஆம் ஆண்டின் வேலை நிறுத்தப் பயன் விதிகளின்படித் தொழிலாளிக்குக் குறைந்த அளவு இழப்பீடு உண்டு. ஓராண்டு முதல் இரண்டாண்டிற்குள் வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்குப் 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டிற்குள் எனின் 15 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் எனின் 20 நாள். முப்பது ஆண்டு பால்மரம் சீவியவருக்கு இது 600 நாள் சம்பளமாகும். ஆனால் முப்பது ஆண்டு உழைத்ததை எதைக் கொண்டு காட்டுவது? 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், தொழிலாளர் பதிவேட்டை ஆறு ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டுமென்றே முதலாளிக்குக் கட்டளையிடுகிறது. அதற்கு முந்திய ஆண்டுகளின் சான்று பல சமயங்களில் தொழிலாளியின் தகரப் பெட்டியில் மட்டுமே இருக்கும்.

பூச்சோங் வட்டாரத்தை அறிந்தவர்கள் இதை நன்கு உணர்வார்கள். இன்று அடுக்குமாடி வீடுகளும் கடைவீதிகளும் நெடுஞ்சாலையும் நிறைந்த அவ்விடத்தில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் இருந்தன. கின்றாரா, காசல்பீல்டு என்னும் தோட்டப் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக வாழ்கின்றன. தோட்டம் மறைந்தபொழுது தோட்ட அலுவலகமும் மறைந்தது. அலுவலகத்தின் அலமாரியிலிருந்த பழைய புத்தகங்களைத் தேடிப்போக இன்று இடமில்லை.

ஆகவே, சம்பளச் சீட்டு, பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, சேமநிதி அறிக்கை, சொக்சோ கடிதம், பிள்ளைகளின் தேர்வுச் சான்றிதழ் ஆகியவற்றைப் படமெடுத்துக் கைப்பேசியிலும் கணினியிலும் சேர்த்து வைக்கும் பழக்கம் நம்மவரிடையே வளர்ந்து வருவது மகிழ்ச்சிக்குரியது. சேர்த்து வைத்ததைக் காப்பது எப்படி, கெட்டுப்போனால் மீட்பது எப்படி என்பதே இந்தப் பாடத்தின் பொருள்.

கோப்பு, நகல், பதிப்பு

முதலில் மூன்று சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். கணினியில் ஒரு பெயரிட்டுச் சேமிக்கும் பட்டியல், கடிதம், படம் எதுவாயினும் அது ஒரு கோப்பு. அக்கோப்பினை உள்ளபடியே வேறோர் இடத்தில் எழுதி வைத்தால் அது காப்பு நகல். ஒரே கோப்பு நாளுக்கு நாள் திருத்தப்பட்டு மாறுகையில், அந்தந்த நாளில் இருந்த நிலையைத் தனித்தனியே காத்து வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு பதிப்பு.

நகல் வேறு, பதிப்பு வேறு என்பதை மறத்தல் கூடாது. பால்மரத்தில் இதற்கு ஓர் உவமை உண்டு. ஒரு பக்கத்துப் பட்டையைச் சீவி வருகையில் மறுபக்கத்தைத் தொடாமல் விட்டு வைக்கிறோம். சீவிய பக்கமோ ஆண்டுக் கணக்கில் இருந்து புதுப்பட்டை கட்டுகிறது. இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் சீவித் தீர்த்தவனுக்கு நாளைக்கு மரமில்லை. நேற்றைய பதிப்பின்மேலேயே இன்றையதை எழுதி, இருக்கும் நகலையும் அதே நாளில் மாற்றிவிடுபவன் நிலையும் அதுவே.

முன்னோர் கற்ற பாடம்

நகல் எடுத்துக் காக்கும் தொழில் தமிழர்க்குப் புதியதன்று. பனையோலை நெடுங்காலம் நிற்காது, செல்லரிக்கும், ஒடியும். ஆதலின் பழைய ஏடு அழியுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வந்தார்கள். அவ்வாறு எழுதப்படாதுபோன நூல்கள் பெயரளவில் மட்டும் நிற்கின்றன.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சிட்டார். அவர் ஓர் ஏட்டை மட்டும் நம்பவில்லை. ஊர் ஊராய்ச் சென்று ஒரே நூலின் பல பிரதிகளைத் திரட்டி, வரிக்கு வரி ஒப்பு நோக்கினார். எழுதுவோன் கை தவறிய பிழை அவனைப் பார்த்து எழுதியவன் ஏட்டிலும் இருக்கும். வேறு ஊரில் வேறு வழியாக வந்த ஏட்டில் அப்பிழை இராது. பல பிரதி இருந்தமையாலேயே பிழையைப் பிழையென்று காண முடிந்தது. கணினிக் கோப்பின் பல பதிப்புகளை வைத்திருப்பதன் பயனும் இதுவே.

ஒரே இடத்தில் வைத்ததன் துயரத்திற்கும் நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்தில் பிரதி இருந்த நூலை மறுபடி வாங்கலாம்; பிரதியற்ற சுவடியை எங்கே வாங்குவது? கட்டடம் மீண்டும் எழுந்தது, அச்சுவடிகள் எழவில்லை. பின்னாளில், 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகத் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படமெடுத்து உலகின் எப்பகுதியிலிருந்தும் படிக்கும்படி வைத்து வருகிறது.

நம் நாட்டிலும் 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்த பெருமழையால் ஷா ஆலம் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் வீடுகள் நீரில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. அத்தகைய வெள்ளத்தில் மேசைமீதுள்ள கணினியும், அதன் அருகே இழுப்பறையில் கிடக்கும் பென்டிரைவும், பெட்டியிலுள்ள காகிதமும் ஒன்றாகவே நனையும்.

மூன்று, இரண்டு, ஒன்று

இவ்வனுபவங்களையெல்லாம் சுருக்கி ஓர் எளிய விதியாகக் கூறுவர். அமெரிக்க ஒளிப்படக் கலைஞரான பீட்டர் குரோக் என்பவரால் பரவிய இவ்விதிக்கு ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்று பெயர். கோப்பு மொத்தம் மூன்று இடத்தில் இருத்தல் வேண்டும். அவை இரண்டு வகைக் கருவிகளிலாவது இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வீட்டிற்கு வெளியே இருத்தல் வேண்டும்.

தோட்டக் குடும்பத்திற்கு இது கடினமன்று. மூலம் கைப்பேசியிலோ கணினியிலோ இருக்கட்டும். இரண்டாவது நகலைப் பென்டிரைவில் எழுதி, பட்டணத்திலுள்ள மகன் அல்லது மகள் வீட்டில் கொடுத்து வைக்கலாம். மூன்றாவதைக் கூகல் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் ஏற்றலாம். 15 ஜிகாபைட் அளவு வரை அங்கே கட்டணமில்லை. ஒரு குடும்பத்தின் சான்றிதழ்களுக்கும் சம்பளச் சீட்டுகளுக்கும் அது தாராளமாகப் போதும்.

வீட்டிற்கு வெளியே ஒரு நகல் இருப்பதன் அருமையைப் பெரிய நிறுவனமொன்றின் கதை விளக்கும். பிக்சார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்த 1998ஆம் ஆண்டில், யாரோ தவறாக இட்ட ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் கண்முன்னேயே மறையத் தொடங்கின. காப்பு நகலை எடுத்துப் பார்த்தால் அதுவும் சரியாகப் பதிவாகவில்லை. அப்பொழுது கேலின் சூஸ்மன் என்னும் பெண் அதிகாரி, பிறந்த குழந்தையைக் கவனிப்பதற்காக வீட்டிலிருந்தே வேலை பார்த்து வந்தார். அதற்கென அவர் வீட்டுக் கணினியில் படத்தின் நகல் ஒன்று இருந்தது. அதனைப் போர்வையிற் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் காரில் ஏற்றி வந்தார்கள். அந்த நகலிலிருந்து படம் மீண்டு, 1999இல் திரைக்கு வந்தது.

நகலும் ஏமாற்றும்

நகல் ஒன்று இருந்தால் போதும் என்று எண்ணுவோர் பலர். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு தாயார் தம் முப்பது ஆண்டுச் சம்பளச் சீட்டுகளைப் பூச்சோங்கிலுள்ள மகளிடம் கொடுக்கிறார். மகள் அவற்றைக் கணினியில் ஒரு பட்டியலாக்குகிறாள். ஒரு பத்தியில் மாதம், மறுபத்தியில் தொகை. 10ஆம் தேதியன்று பட்டியலை வரிசைப்படுத்துகையில் தவறுதலாகத் தொகைப் பத்தியை மட்டும் வரிசைப்படுத்திச் சேமித்துவிடுகிறாள். அதன்பின் எந்த மாதத்திற்கு எந்தத் தொகை என்பது தெரியாமற் போயிற்று. மொத்தக் கூட்டுத்தொகை மாறாததால் பிழை கண்ணில் படவில்லை. 11ஆம் தேதி வழக்கம்போல் பழைய நகலின்மேல் புதியதை எழுதுகிறாள். 20ஆம் தேதி பிழை தெரிகிறது. கையில் நகல் இருக்கிறது. ஆனால் நகலிலும் அதே பிழை.

தானாகவே ஒத்திசைக்கும் இணையச் சேமிப்பிலும் இவ்விடர் உண்டு. கணினியில் ஒன்றை அழித்தால் அங்கும் அழியும். கெட்டதை எழுதினால் கெட்டதே அங்கும் போகும். ஆதலின் ஒத்திசைவை மட்டும் முழுக் காப்பென்று கொள்ளலாகாது.

கணினிக் கொள்ளையர் அனுப்பும் தீநிரலும் நகலைத் தாக்கும். 2017 மே 12இல் பரவிய ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைத் தாக்கி, கோப்புகளைப் பூட்டி, திறப்பதற்குப் பணம் கேட்டது. பிரிட்டனின் மருத்துவமனைகளும் தப்பவில்லை. கணினியோடு எப்பொழுதும் சொருகியே கிடக்கும் வன்தட்டு இத்தகைய தாக்குதலில் கணினியோடு சேர்ந்தே கெடக்கூடும். நகல் எடுத்தவுடன் பென்டிரைவைக் கழற்றி எடுத்து வைக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

பாட்டன், தந்தை, மகன்

மேற்கூறிய மகளைக் காப்பாற்றக்கூடியது பழைய பதிப்பு ஒன்றே. எத்தனை பதிப்பை வைத்திருப்பது? எல்லாவற்றையும் வைத்தால் இடம் நிரம்பும். எது எதுவென்ற குழப்பமும் வரும். இதற்குக் கணினித் தொழிலில் நெடுங்காலமாக வழங்கும் முறைக்கே ‘பாட்டன், தந்தை, மகன்’ என்று பெயர்.

நாள்தோறும் எடுக்கும் நகல் மகன். வாரத்திற்கு ஒன்றாக எடுத்து வைப்பது தந்தை. மாதத்திற்கு ஒன்றாக நெடுநாள் காப்பது பாட்டன். அடுத்த வாரத்தின் மகன் வருகையில் சென்ற வாரத்தின் மகனை நீக்கலாம். பாட்டனை எளிதில் நீக்கலாகாது. இன்று நேர்ந்த பிழைக்கு மகன் உதவுவான். பத்து நாள் கழித்துத் தெரிந்த பிழைக்குத் தந்தை உதவுவான். இரண்டு மாதம் கண்ணிற் படாத பிழைக்குப் பாட்டனே துணை. ஆப்பிள் கணினிகளில் 2007இல் வந்த ‘டைம் மெஷின்’ என்னும் வசதியும் இதே முறையில், ஒரு நாள் வரை மணிக்கொன்றும், ஒரு மாதம் வரை நாளுக்கொன்றும், அதற்கு முன் வாரத்திற்கொன்றுமாகப் பதிப்புகளைக் காக்கிறது.

கையால் செய்பவர் கோப்பின் பெயரிலேயே தேதியை எழுதுவது நலம். ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் ‘சம்பளம் 2025-03-10’ என்று எழுதினால் பதிப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். ‘புதியது’, ‘கடைசி’, ‘கடைசிக்கும் கடைசி’ என்றெல்லாம் பெயரிடுவோர், ஆறு மாதம் கழித்து எது கடைசி என்றறியாது திகைப்பர்.

மீட்கும் முறை

கோப்பு கெட்டது தெரிந்ததும் பதற்றத்தில் செய்யும் வேலையே பெரும்பாலும் மிச்சமிருப்பதையும் கெடுக்கிறது. பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்க.

1. முதலில் கையை நிறுத்துக. பென்டிரைவிலோ வன்தட்டிலோ அழித்த கோப்பு, அதனிடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். புதிய படங்களையும் கோப்புகளையும் அதில் ஏற்றினால் அவ்வாய்ப்பும் போய்விடும்.

2. குப்பைத் தொட்டியைப் பார்க்க. கணினியிலும் கூகல் டிரைவிலும் அழித்தவை முதலில் அங்கேதான் போகும். கூகல் டிரைவின் தொட்டியில் அவை 30 நாள் இருக்கும், பின்னர் ஒழிந்துபோகும்.

3. பிழை என்று நேர்ந்தது என்று கணிக்க. அதற்குச் சற்று முந்திய பதிப்பையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 10ஆம் தேதிக்கு முந்திய பதிப்பு. கூகல் டிரைவில் ஏற்றிய கோப்பின்மேல் புதியதை ஏற்றியிருந்தால், பழைய பதிப்புகள் பொதுவாக 30 நாள் வரை கிடைக்கும். விண்டோஸ் கணினியில் கோப்பு வரலாறு என்னும் வசதியை முன்னரே தொடங்கியிருந்தால் அதிலும் தேடலாம்.

4. மீட்டதைக் கெட்டதன்மேல் எழுதாதீர்கள். வேறோர் அடைவில், வேறு பெயரில் வைக்க. நாம் எடுத்த பதிப்பே தவறானதாக இருந்தால் திரும்பிப் போக வழி வேண்டுமன்றோ?

5. திறந்து சரிபார்க்க. பட்டியலில் எத்தனை வரி, முதல் மாதம் எது, கடைசி மாதம் எது என்று பார்க்க. ஐந்தாறு மாதங்களைத் தேர்ந்து காகிதச் சீட்டோடு ஒப்பிடுக. கூட்டுத்தொகையை மட்டும் நம்பலாகாது.

6. இடைப்பட்ட வேலையைச் சேர்க்க. பழைய பதிப்பிற்கு மீண்டதும், 10ஆம் தேதிக்குப்பின் எழுதிய நல்ல பதிவுகள் அதில் இரா. கெட்ட கோப்பைத் திறந்து, பின்னர் சேர்த்த வரிகளை மட்டும் பார்த்து எழுதிக்கொள்ளலாம். கெட்ட கோப்பையும் சிறிது காலம் வைத்திருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

7. எல்லாம் சரியென்று கண்டபின், அன்றைய தேதியிட்டுப் புதிய காப்பு நகல் எடுக்க.

தீநிரல் தாக்கியதாக ஐயம் இருப்பின், முதலில் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, அறிந்தவரைக் கொண்டு தூய்மை செய்வித்த பின்னரே காப்புப் பென்டிரைவைச் சொருக வேண்டும்.

சோதிக்காத நகல்

காப்பு நகல் இருப்பதாக நம்பியிருந்து, தேவைப்பட்ட நாளில் அது வெறுமையாகக் கிடந்த கதைகள் பல. 2017 ஜனவரி 31இல், கணினி நிரலாளர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில், ஒரு பொறியாளர் தவறான கணினியில் அழிக்கும் கட்டளையை இட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவு நொடிகளில் அழிந்தது. அந்நிறுவனத்தில் நகலெடுக்கும் ஏற்பாடுகள் ஐந்து இருந்தன. தேடிப் பார்த்தால் நம்பத்தக்கதாக எதுவும் இயங்கியிருக்கவில்லை. நாள்தோறும் நகலெடுத்திருக்க வேண்டிய நிரல், பதிப்பு பொருந்தாமையால் எதையுமே எழுதாமல் இருந்தது. அதனைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சலும் எவரையும் அடையவில்லை. ஆறு மணி நேரத்திற்கு முன் சோதனைக்காக ஒருவர் எடுத்து வைத்த நகல் ஒன்றே அவர்களைக் காத்தது. அந்த ஆறு மணி நேரத்தின் பதிவுகள் திரும்பவில்லை. நிறுவனம் இதனை மறைக்காமல் உலகறிய எழுதி வைத்ததால் நாம் இன்று படிப்பினை பெறுகிறோம்.

ஐந்து ஏற்பாடுகள் கொண்ட நிறுவனத்திற்கே இந்நிலை எனின், ஒரே பென்டிரைவை நம்பும் குடும்பம் எவ்வளவு விழிப்பாய் இருக்க வேண்டும்! மூன்று மாதத்திற்கு ஒருமுறை நகலிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்தால் அது நகல்; திறவாவிட்டால் வெறும் நம்பிக்கை.

கைப்பேசி வைத்திருப்போர்க்கு

நம்மில் பலருக்குக் கணினி என்பது கைப்பேசியே. சான்றிதழைப் படமெடுக்கும்பொழுது நான்கு மூலையும் எழுத்தும் தெளிவாகத் தெரியும்படி, பகல் வெளிச்சத்தில் எடுக்க. வாட்சப்பில் அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவு குறையக்கூடும். ஆவணமாக அனுப்பினால் உள்ளபடியே போகும். அமைப்புகளில் உரையாடல், காப்பு என்னும் பகுதிக்குச் சென்று, வாட்சப்பின் நகல் எடுக்கப்பட்ட கடைசி நாள் எது என்று பார்த்துக்கொள்க. ஆண்ட்ராய்டு கைப்பேசி தொலைந்தால், அதே எண்ணும் அதே கூகல் கணக்கும் இருந்தால்தான் அந்நகல் திரும்பும். ஆகவே கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி, நம்பிக்கைக்குரிய ஒருவர் அறிய வைத்திருங்கள். அடையாள அட்டைப் படத்தையும் கடவுச்சொல்லையும் பிறருக்கு அனுப்பாதீர்கள்.

படமெடுத்துவிட்டோம் என்று மூலக் காகிதத்தை எறிந்துவிடலாகாது என்பதையும் இங்கே வற்புறுத்த வேண்டும். அலுவலகங்கள் பல வேளைகளில் மூலத்தையே கேட்கும். மூலம் தொலைந்த நாளில், எண்ணும் தேதியும் தெரிந்த நகல் மாற்றுப் பிரதி கேட்டு மனுச்செய்வதற்குப் பேருதவியாகும்.

இந்த மாதத்து வேலை

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இதற்குப் போதும். பெட்டியைத் திறந்து, பெற்றோர் காகிதங்களை எடுத்துக்கொடுக்கட்டும்; படித்த பிள்ளைகள் படமெடுத்துத் தேதியிட்டுச் சேமிக்கட்டும். எந்தச் சீட்டு எந்தத் தோட்டத்தது, எந்த மண்டோர் காலத்தது என்று சொல்லக்கூடியவர்கள் முதியவர்களே. அவர்கள் சொல்வதையும் உடன் எழுதி வைத்தால், சம்பளக் கணக்கோடு குடும்பத்தின் வரலாறும் காக்கப்படும்.

பயிற்சி

1. உங்கள் சம்பளச் சீட்டுகளின் நகல் இப்பொழுது எத்தனை இடங்களில் உள்ளது? அவற்றுள் வீட்டிற்கு வெளியே உள்ளது எது?

2. பத்து நாளைக்கு முன் நேர்ந்த பிழையை இன்று கண்டால், எந்தப் பதிப்பிலிருந்து மீட்பீர்கள்? அதன்பின் எழுதியவற்றை எவ்வாறு சேர்ப்பீர்கள்?

3. உங்கள் நகலைக் கடைசியாகத் திறந்து பார்த்த நாள் யாது?

மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாதவர்கள் இன்றிரவே திறந்து பார்ப்பார்களாக.